‘ரெண்டு கிளாஸ்தான் டாக்டர்!’

புத்தாண்டு இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் பழகிப்போயிருக்கும். “எவ்வளவு குடிச்சார்?” என்று கேட்டால், கூட வந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் “ரெண்டு கிளாஸ்தான் டாக்டர்” என்பார். பெரும்பாலும் அது பொய் இல்லை. அந்தக் கிளாஸில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. பாரில் குடித்தால் பெக் கணக்கு பில்லிலாவது இருக்கும். வீட்டில் வீடியோ பார்த்துக் கலக்கிய காக்டெய்லுக்கு அதுவும் கிடையாது.

குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதுதான் என் கட்சி. எப்படியும் கலக்கத்தான் போகிறோம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் விற்கும் விஸ்கி, ரம், பிராந்தி பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால் ஊற்றினால் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். அதைக் கரைத்து முடிக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், பலருக்கு அதற்கும் மேல். மோர், காபி, தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

இப்போது லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயைப் பாருங்கள். பெயரில்தான் டீ. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் ஐந்தும் சேரும். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறைப்படி ஒவ்வொன்றும் 15 மில்லிதான், மொத்தம் 75. அதுவே இரண்டரை ஸ்மால். வீட்டில் என்ன நடக்கிறது? கையில் இருப்பது 30 மில்லி பெக் மெஷர். ஒவ்வொன்றிலும் ஒரு மெஷர் என்று ஐந்தையும் ஊற்றினால் 150 மில்லி. ஒரு குவார்ட்டர் பாட்டிலே 180தான்! எலுமிச்சையும் கோலாவும் சேர்ந்ததும் அது ஜூஸ் போல இறங்கிவிடும். அந்த ஒரு கிளாஸ் உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டாவது கிளாஸ் அரை மணி நேரத்தில் நீட்டப்படும். மார்ட்டினியும் கடுமையான சரக்குதான். ஆனால் அது முதல் வாயிலேயே எரிவதால், குடிப்பவர் தானாகவே நிதானிப்பார். எனக்குப் பயம் இனிப்பான கலவைகள் மேல்தான்.

வீட்டுக் கலவை கடுமையாவதற்கு ஐஸ் குறைவதும் ஒரு காரணம். ஷேக்கரில் குலுக்கும்போது உருகும் தண்ணீரும் அந்தப் பானத்தின் ஒரு பகுதி. முடிவில் கிட்டத்தட்ட கால் பங்கு அதுவாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு ஃப்ரிட்ஜில் ஐஸ் தீர்ந்த பிறகு கலக்கும் கிளாஸில் அந்தத் தண்ணீர் இருக்காது. அப்போது கலக்குபவரின் கையும் நிதானத்தில் இருக்காது.

அதனால், கலக்குபவர்தான் அளவுக்குப் பொறுப்பு. மெஷர் இல்லையென்றால் இருமல் சிரப்போடு வரும் கோடு போட்ட மூடி போதும். ஜாடியில் மொத்தமாகக் கலக்கினால் எத்தனை மில்லி சரக்கு, எத்தனை கிளாஸ் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். முதலில் குடி, கடைசியில் பிரியாணி என்ற வழக்கத்தையும் மாற்றுங்கள். வெறும் வயிற்றில் மது சீக்கிரம் ஏறும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்தால், விடியற்காலையில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரவில் சர்க்கரையை விடுவிக்க வேண்டிய கல்லீரல் மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ‘சிரப் ஊத்தின காக்டெய்ல்தானே, சுகர் ஏறித்தான் இருக்கும்’ என்ற கணக்கு இங்கே தப்பு. வியர்வை, குழறல், உளறல் எல்லாம் போதை மாதிரியே தெரியும். “தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்” என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையோ போட்டவருக்கு மது கூடவே கூடாது.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் ஜாடியையும் கவனியுங்கள். பழத்துண்டு மிதக்கும் சிவப்புப் பானம் குழந்தைக்கு ரஸ்னாதான். சிறு குழந்தைக்குச் சில வாய் மதுவே சர்க்கரையை இறக்கி வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். மிச்சத்தை இரவே சிங்க்கில் கொட்டிவிடுங்கள்.

வண்டி விஷயத்தில் சட்டம் தெளிவு. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரவு ஒரு மணி வரை குடித்தவர் காலை ஏழு மணிக்கும் அந்த அளவைத் தாண்டியிருக்கலாம்.

யாராவது தட்டியும் எழவில்லை, மூச்சுக்கு மூச்சு பத்து நொடி இடைவெளி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வயிற்றில் இருப்பது இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும், தனியாக விடாதீர்கள். வரும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையையும், ஜாடியில் ஒட்டிய அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.