ஒரே ரோஜாவில் இரண்டு சிவப்பு

பழைய துணிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். ஹங்கேரிய பூத்தையல் விரிப்புகள் என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கதையோடுதான் வரும்: "மங்கலாக இருந்தது, ஒரு தடவை மெஷினில் போட்டேன், வெள்ளைத் துணி ரோஸ் ஆகிவிட்டது."

குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே கலோச்சா என்ற ஹங்கேரிய ஊரின் விரிப்பு ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். ஒரு ரோஜாவில் ஈரத்துணியை ஒற்றிப் பார்த்தேன், சாயம் வரவில்லை. சரி என்று முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மூலையிலிருந்த இன்னொரு ரோஜாவைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம்! திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பூவில் பாதி இதழ்கள் வேறு நூல். நூல்கண்டு தீர்ந்ததும் தைத்தவர் கையில் கிடைத்த அடுத்த சிவப்பில் தொடர்ந்திருக்கிறார். முன்பக்கம் வெளிச்சத்தில் வெளுத்து இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. பின்பக்கம்தான் உண்மையைச் சொன்னது.

'ஹங்கேரியன் எம்பிராய்டரி' என்று கடைக்காரர் ஒரே பெயரில் விற்றாலும் அது பல ஊர்க் கைவேலை. புடாபெஸ்டுக்குத் தெற்கே, டான்யூப் பக்கம் உள்ள கலோச்சாவில் ஆரம்பத்தில் வெள்ளைமேல் வெள்ளைதான். இன்று நாம் பார்க்கும் பலவண்ணப் பூக்கள் பிறகு வந்தவை. மெஸோகோவெஷ்ட் வட்டாரத்து மத்யோ மக்களின் நெருக்கமான ரோஜா வேலை 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே போரி கிஷ்யாங்கோ என்ற பெண்மணி துணியில் பூ வரைந்து கொடுப்பதிலேயே பேர் வாங்கியவர். வரைபவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர் என்பது அந்த ஊர்களில் சகஜம். இன்று ருமேனியாவில் இருக்கும் கலோதசெக்கில் ஒரு துணிக்கு ஒரே நிறம்: முழுக்கச் சிவப்பு, அல்லது நீலம், அல்லது கறுப்பு. அந்தத் தடித்த சங்கிலித் தையலுக்கு 'ஈராஷோஷ்' என்று பெயர், 'எழுதியது' என்று பொருள். வெள்ளைத் துணியில் அவ்வளவு சிவப்பு நூல் அடர்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு இப்போது வயிற்றைக் கலக்கும்.

தையல் மெஷின் வேலை என்றால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கலோச்சாவில் துளை விட்டு வெட்டும் வெள்ளை வேலையை வீட்டுப் பெண்களே மெஷினில் செய்திருக்கிறார்கள்.

துவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நிறத்தையும், ஒரே நிறமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு பூவையும், பின்பக்கத்தில் தனித்தனியாகச் சோதியுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். அப்புறம் நீங்கள் போடப்போகும் சோப்பு கரைத்த தண்ணீரிலும் அதையே செய்யுங்கள். வெறும் தண்ணீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு இறங்கிவிடலாம். துளி நிறம் ஒட்டினாலும் நனைக்க வேண்டாம். துணியை வலையால் மூடி, வேக்குவம் கிளீனரால் தூசியை மெதுவாக உறிஞ்சி எடுத்தால் போதும். பட்டு, கம்பளி நூல் இருந்தாலும் அப்படியே.

சாயம் ஓடிவிட்டதா? காய விடாதீர்கள். பதறிப்போய் வெயிலில் விரிப்பதுதான் பலர் செய்யும் தப்பு. காய்ந்துவிட்டால் கறை அங்கேயே உட்கார்ந்துவிடும். நிறைய குளிர்ந்த நீரில் போட்டு, நிறம் வருவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது, அது நூலையும் அரிக்கும், துணியையும் அரிக்கும்.

இஸ்திரி போடும்போது தடித்த துண்டின்மேல் பூ கீழ்ப்பக்கம் இருக்கும்படி விரித்து, முதுகில் தேய்த்தால் தையல் சப்பையாகாது. கஞ்சி போட்டு அலமாரியில் வைத்தால் பூச்சிக்கு விருந்து. மடிப்பதைவிட, சுத்தமான பருத்தித் துணி சுற்றிய குழாயில் உருட்டி வைக்கலாம். மடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், மடிப்பு பூவின் நடுவே விழாமல் பார்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள்.

நான் கெடுத்த விரிப்பில் தண்ணீர் மாற்றி மாற்றி வளையத்தை முக்கால்வாசி எடுத்துவிட்டேன். மீதியை உரிமையாளரிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். கூலி வாங்கவில்லை.