வெர்டெக்ஸ்: உச்சியா, முனையா, மூலையா?

ஒரு கனசதுரத்துக்கு எத்தனை வெர்டெக்ஸ், அதாவது விளிம்புகள் கூடும் புள்ளி? எட்டு என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நானும் அந்த நம்பிக்கையில்தான், பைத்தான் நிரல்மொழியில் முப்பரிமாண உருவங்கள் செய்யக் கற்றுக்கொண்ட புதிதில், எட்டே எட்டு வெர்டெக்ஸ் எழுதி, அவற்றை 12 முக்கோணங்களாக இணைத்து, ஒரு விளக்கொளியும் போட்டு ஓடவிட்டேன். திரையில் வந்தது பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. வெளிக்கோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு பக்கத்து வெளிச்சம் அடுத்த பக்கத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது, விளிம்பு எங்கே என்றே தெரியவில்லை. அரைநாள் விளக்கை நகர்த்திப் பார்த்தேன், நிறத்தை மாற்றிப் பார்த்தேன். அந்த இடத்தில் எட்டு இல்லை, 24 வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. அன்று முதல் இந்தச் சொல் மேலேயே ஒரு கண்.

வெர்டெக்ஸ் லத்தீன் சொல். திருப்புவது, சுழற்றுவது என்று பொருள்படும் 'வெர்ட்டெரே' என்ற வினையிலிருந்து வந்தது. நீர்ச்சுழிக்கும் அந்தப் பெயர் உண்டு, தலையில் முடி சுழித்து நிற்கும் இடத்துக்கும் அதே பெயர். அந்த இடம் உச்சந்தலை என்பதால் மலையுச்சிக்கும் போனது, கடைசியில் வடிவியலில் கோடுகள் கூடும் புள்ளிக்கு வந்து சேர்ந்தது. சுழலுக்குச் சொல்லும் வோர்டெக்ஸ் வேறு சொல் இல்லை, இதன் இன்னொரு வடிவம்தான். நாமும் ஆற்றில் இருப்பதைச் சுழி என்கிறோம், தலையில் இருப்பதையும் சுழி என்கிறோம், பாருங்கள்.

கிரேக்கத்தில் இதற்கு 'கொருஃபே', அதற்கும் உச்சந்தலை, சிகரம் என்றுதான் பொருள். இந்தியில் 'சீர்ஷ்', அதாவது தலை. தமிழில் உச்சி. உச்சி முகர்ந்தாள் என்றால் தலை, உச்சி வெயில் என்றால் வானத்தின் நடுத்தலை. ஆக எல்லாரும் தலையில்தான் வந்து நிற்கிறார்கள். விதிவிலக்கு கணிதவியலாளர் ஆய்லர். 1750இல் இன்னொரு கணிதவியலாளரான கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் பன்முக உருவங்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் இந்தப் புள்ளிகளைத் 'திடக் கோணம்' என்றுதான் குறிக்கிறார்.

சரி, தமிழில் எதை வைத்துக்கொள்வது? முக்கோணம் என்றால் உச்சி என்கிறோம், கனசதுரம் போன்ற திட உருவம் வந்தால் முனைக்கு மாறிவிடுகிறோம். எனக்கு முனை ஒட்டவில்லை. ஊசிக்கு முனை, பேனாவுக்கு முனை, கோட்டுக்கு இரண்டு முனை, கணினியில் முனையம் வேறு. ஏற்கெனவே அது அதிகம் சுமக்கிறது. அதோடு முனை என்றால் குத்த வேண்டும். 5,000 முக்கோணங்களால் ஒரு கோளம் செய்தால் அதில் எது குத்துகிறது? அப்படியானால் பள்ளத்துக்குள் கிடக்கும் புள்ளியை மட்டும் உச்சி என்னலாமா என்று கேட்பீர்கள். முக்கோணத்தின் அடியில் இருக்கும் இரண்டு புள்ளிகளையும் எப்போதோ உச்சி என்று சொல்லிப் பழகிவிட்டோம், உயரம் அந்தச் சொல்லை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது.

மூன்றாவது சொல் மூலை. அது பேச்சில் வருவது, அதை நான் தள்ளமாட்டேன், வேறு வேலைக்கு வைத்துக்கொள்வேன். நிரலில் வெர்டெக்ஸ் என்பது வெறும் இடம் இல்லை, ஒரு பதிவு. எங்கே இருக்கிறது என்ற மூன்று எண்கள், பெரும்பாலும் அந்த இடத்தில் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மூன்று எண்கள், தேவைப்பட்டால் நிறம், மேலே ஒட்டும் படத்தில் அதன் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வெர்டெக்ஸ். கனசதுரத்தின் ஒரு மூலையில் மூன்று பக்கங்கள் சந்திக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. ஒரே பதிவில் மூன்று திசையை எழுத முடியாது. சராசரி எடுத்து ஒரே திசையாக எழுதினால் என் சோப்புக்கட்டிதான் வரும். ஒரே இடத்தில் மூன்று பதிவு வைக்க வேண்டும், எட்டு மூலைக்கு 24. மூலை எட்டு, உச்சி 24 என்று தமிழில் பிரித்துச் சொன்னால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் வெர்டெக்ஸ் என்றே சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

இதே கனசதுரத்தை முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பாக எழுதினால் எண்ணிக்கை 36 ஆகிவிடும். அந்தக் கோப்பில் முக்கோணங்கள் எதையும் பகிர்ந்துகொள்வதில்லை, ஒவ்வொன்றும் தன் மூன்று உச்சிகளைத் தானே முழுசாக எழுதிவைக்கும். பைனரி வடிவில் தலைப்பும் எண்ணிக்கையும் சேர்ந்து 84 பைட், முக்கோணத்துக்கு 50 பைட், மொத்தம் 684.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஆய்லரின் கணக்குப்படி ஓட்டை இல்லாத இப்படிப்பட்ட உருவத்தில் மூலைகளின் எண்ணிக்கையில் விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டினால் 2 வர வேண்டும்: 8, 12, 6, சரியாக வருகிறது. 24 உச்சியை வைத்துக் கணக்கிட்டால் விளிம்பும் 24 ஆகி, விடை 6 வரும். கணினிக்கு அது ஒரு பெட்டி இல்லை, ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஆறு அட்டைகள். டிரைமெஷ் போன்ற பைத்தான் நிரல் நூலகங்கள் கோப்பைத் திறக்கும்போதே ஒரே இடத்து உச்சிகளை ஒன்றாக்கிவிடுவது இதனால்தான், இல்லாவிட்டால் உருவம் மூடியிருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது.

தரவை வரைபவர்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு, புள்ளி. மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தில் அளவீடுகளைச் சும்மா சிதறவிட்டு வரைந்தால் அவை புள்ளிகள். அதே எண்களை முக்கோணப் பரப்பாக வரையச் சொன்னதும், யாருக்கு யார் அண்டை என்று முடிவாகிவிடுகிறது, அந்தக் கணம் அவை உச்சிகள்.

கூட்டுச்சொற்களுக்கும் உச்சி வளைந்துகொடுக்கிறது: உச்சிப் பட்டியல், உச்சி எண், உச்சி நிறம். ஒவ்வொரு உச்சிக்கும் ஓடும் சிறு நிரலான வெர்டெக்ஸ் ஷேடரில் மட்டும் இடிக்கிறது. அந்த நிரலின் முதல் வேலை நிழல் போடுவதே இல்லை, உச்சியைத் திரையில் அதன் இடத்துக்குக் கொண்டுபோவது. 'உச்சி நிழலி' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ மொட்டை மாடியில் குடை பிடித்தது போல இருந்தது. இப்போதைக்கு உச்சி ஷேடர்.