விளம்பரம் வந்ததும் டிவி ஏன் திணறுகிறது?

படம் ஒரு மணி நேரம் தடங்கல் இல்லாமல் ஓடும். விளம்பர இடைவேளை வந்ததும் திரை கறுக்கும், வட்டம் சுற்றும், விளம்பரம் பாதியில் நிற்கும். ஒருவழியாக அது முடிந்தால், படம் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போய்த் தொடங்கும். சில டிவிகளில் ஆப்பே மூடிக்கொள்ளும். ஆறேழு வருடத்துக்கு முன் ஸ்மார்ட் டிவி வாங்கிய வேலூர் வீடுகளில், சத்துவாச்சாரியானாலும் சரி, காட்பாடியானாலும் சரி, இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். பலரும் முதலில் செய்வது நெட் பிளானை உயர்த்துவதுதான். மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது, வட்டம் மட்டும் நிற்பதில்லை.

கோளாறு நெட்டில் இருந்தால் அந்த ஒரு மணி நேரப் படமும் திக்கித் திணறியிருக்க வேண்டும். இடைவேளையில் மட்டும் டிவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஓடிடி படம் ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில், ஒரு துண்டு சுமார் 6 விநாடி இருக்கட்டும் என்பது பரிந்துரை. எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்று சொல்லும் பட்டியல் ஒன்றும் கூடவே வரும். டிவி அதைப் படித்து, அடுத்த துண்டுகளை முன்கூட்டியே இறக்கி மெமரியில் சேர்த்துவைக்கிறது. விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் வரும் படத்தில், அரை நிமிடத்தைச் சேர்த்துவைக்க ஏறத்தாழ 19 எம்பி போதும். நடுவில் நெட் இரண்டு விநாடி விட்டுப்போனாலும் நமக்குத் தெரியாமல் போவது இந்தக் கையிருப்பால்தான்.

விளம்பரம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. இடைவேளை நெருங்கும்போது, இந்த வீட்டுக்கு எதைக் காட்டலாம் என்று ஆப் ஒரு விளம்பர சர்வரைக் கேட்கிறது. வாஸ்ட் என்ற வடிவத்தில் பதில் வரும். விளம்பரத் துறை 2008 முதல் பயன்படுத்தும் பொது வடிவம் இது. அதில் வீடியோவின் முகவரி இருக்கலாம், அல்லது 'அங்கே போய்க் கேள்' என்று இன்னொரு சர்வரின் முகவரி இருக்கலாம். சில சமயம் இரண்டு மூன்று சர்வர்களிடம் கேட்ட பிறகுதான் விளம்பரம் கைக்கு வரும். ஒவ்வொன்றோடும் பாதுகாப்பான இணைப்பைப் புதிதாக ஏற்படுத்த வேண்டும். ஓடத் தொடங்கியதும் வேலை முடிவதில்லை. கால்வாசி ஓடியது, பாதி ஓடியது, முக்கால்வாசி ஓடியது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் திரும்பிப் போக வேண்டும். புது போனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. 1 ஜிபி ராம் உள்ள டிவியில், சிஸ்டமே பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, இது பெரிய சுமை.

இதைவிடப் பெரிய சிக்கல் டீகோடரில் இருக்கிறது. சுருக்கி அனுப்பப்பட்ட வீடியோவை விரித்துப் படமாக்க, டிவியின் சிப்பில் தனிப் பகுதி உண்டு, அதுதான் டீகோடர். பழைய டிவிகள் பலவற்றில் ஒரு ஆப் ஒரே நேரத்தில் ஒரு வீடியோவைத்தான் அதில் ஓட்ட முடியும். ஒற்றை அடுப்பில் சோறு வேகும்போது நடுவில் பால் காய்ச்ச வேண்டுமென்றால், பானையை இறக்கித்தான் ஆக வேண்டும். அதேபோல டிவியும் படத்தை நிறுத்தி, சேர்த்துவைத்த துண்டுகளைத் தூக்கிப்போட்டு, டீகோடரை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுக்கிறது. விளம்பரம் முடிந்ததும் இதே வேலை மறுபடியும். கையிருப்பு காலியான நிலையில் படத்தைத் தேடிப்பிடித்துத் தொடங்குவதால்தான் வட்டம் சுற்றுகிறது, இடமும் கொஞ்சம் தவறுகிறது.

படமும் விளம்பரமும் ஒரே மாதிரி தயாரானவையும் அல்ல. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், விளம்பரம் 25 அல்லது 30. படம் 2013-இல் வந்த எச்இவிசி முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம், விளம்பரம் 2003-இன் எச்.264 முறையில் இருக்கலாம். படம் பூட்டுப்போட்ட டிஆர்எம் வீடியோவாக வரும், விளம்பரம் பூட்டில்லாமல் வரும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் டீகோடர் தன்னை மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம்.

காந்தி நகரில் உறவினர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரவுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்ததும் திரை முழுக்கக் கறுத்தது. அடுத்த கணம் படத்தின் வண்ணமே வெளுத்தாற்போல் மாறியது. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கூடுதல் துல்லியமாகக் காட்டும் எச்டிஆர் முறையிலிருந்து டிவி சாதா முறைக்கு இறங்கியிருந்தது. விளம்பரத்தில் ஒருவர் வாயசைக்கிறார், சத்தம் இல்லை. சவுண்ட்பாரின் சிறு விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. ஐந்து சேனல் ஒலியிலிருந்து ஸ்டீரியோவுக்கு அது மாறி முடிக்கும்போது முதல் வாக்கியம் போயே போய்விட்டது. படம் திரும்பியபோது மூலையில் எச்டிஆர் என்ற எழுத்து மறுபடி தோன்றி மறைந்தது. நெட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதற்கு நல்ல மாற்று இருக்கிறது. விளம்பரத்தை முன்கூட்டியே படத்தின் அளவுக்கும் முறைக்கும் மாற்றி, சர்வரிலேயே பட்டியலில் கோத்து அனுப்பலாம். டிவிக்கு எல்லாம் ஒரே ஓட்டமாகத் தெரியும். ஆனால் பார்ப்பவருக்கேற்ற விளம்பரம் என்றால் பட்டியலும் பலவிதமாக வேண்டும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் சில விநாடிக்கொருமுறை புதுப் பட்டியல் தருவது சர்வர்களுக்குச் சாதாரண வேலை இல்லை. இருந்தாலும், விளம்பரப் பணம் வாங்கும் நிறுவனம்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய டிவி வைத்திருப்பவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. இந்தியாவில் அமேசான் பிரைம் வீடியோ விளம்பரம் காட்டத் தொடங்கியது 2025 ஜூன் 17-இல். 2018-இல் வாங்கிய டிவிமேல், அதை வாங்கிய நாளில் இல்லாத வேலை அன்று வந்து ஏறியது.

மென்பொருளின் வயது இன்னொரு பிரச்சினை. டிவி ஆப்களில் பல உண்மையில் வலைப்பக்கங்கள்தான். டிவிக்குள் இருக்கும் பிரவுசர் அவற்றைக் காட்டுகிறது. போனில் குரோம் அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும். டிவியில் அப்படி இல்லை. எல்ஜியின் 2016, 2017 மாடல்களில் இருப்பது, குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரின் 38-ஆம் பதிப்பு; அது 2014-இல் வெளியானது. சாம்சங்கின் 2018 மாடல்களில் குரோமியம் 56. இன்று எழுதப்படும் விளம்பர நிரல் ஒவ்வொன்றையும் இத்தனை பழைய பிரவுசர்களில் சோதித்துப் பார்ப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. இணைக்கும் தளம் உண்மையானதுதானா என்று டிவி சரிபார்க்கும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் காலாவதியாகும். 2021 செப்டம்பர் 30-இல் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதிய சான்றிதழ் ஏறாத பழைய சாதனங்கள் பலவற்றால் பல தளங்களோடு இணைய முடியாமல் போனது. கரண்ட் போய் வந்தபின் டிவியின் தேதி தப்பாகிவிட்டாலும் இதே கதிதான்.

ஆப்களையும் தகவல்களையும் சேமித்துவைக்கும் மெமரி சிப்பும் தேயும். டிவிக்குள் இருக்கும் 8 ஜிபி இஎம்எம்சி சிப்பில் குறிப்பிட்ட தடவைகள்தான் எழுதி அழிக்க முடியும். 2021-இல் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது இதே வகை 8 ஜிபி சிப் தேய்ந்து திரை செயலிழந்ததால்தான். எழுதி அழிப்பதற்கு அங்கே சொல்லப்பட்ட எல்லை ஏறத்தாழ 3,000 தடவை. டிவியில் கேஷ் எனும் தற்காலிகக் கோப்புகள், பதிவுகள், விளம்பரத் தகவல்கள் எல்லாம் ஓயாமல் எழுதப்படுகின்றன. இடம் நிரம்பினால் தேய்வும் வேகமாகும். கத்திரி வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டிய டிவி என்றால், சூடு தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யும்.

சரி, என்ன செய்யலாம்? ரிமோட்டில் அணைப்பது டிவியை உறங்கவைப்பது மட்டுமே. வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால் ராம் மெமரி காலியாகும். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். தேதியைத் தானியங்கியில் வையுங்கள். லேன் கேபிள் போடுவது நல்லது, ஆனால் பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வரைதான் என்பதால் அதற்கு மேல் பிளான் எடுத்தும் டிவிக்குப் பயனில்லை.

இதற்கும் சரிவரவில்லையென்றால் டிவியை மாற்றச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். அநேகமாக பேனல், அதாவது திரை, நன்றாகவே இருக்கும். வயதானது உள்ளே இருக்கும் சின்ன போர்டுதான். எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் டீகோடர், பிரவுசர், மெமரி எல்லாம் புதிதாகிவிடும். புது டிவியே வாங்குவதானால், சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று பில் போடுவதற்கு முன் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்வது சட்டப்படி கட்டாயம். அந்த உரிமை நமக்கும் வேண்டும்.

ஸ்டிக் வாங்கினால் அதற்கான கரண்டை டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டாம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர் அளவுதான். அது போதாமல் ஸ்டிக் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். பெட்டியில் வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் போடுங்கள்.