ஊசி குத்திய பிறகு இருக்கும் 72 மணி நேரம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கும் வாசகி கேட்டிருந்தார்: “குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி கையில் குத்திடுச்சு. உடனே வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிட்டேன். சரிதானே சார்?”

வேண்டாம்மா. வயலில் பாம்பு கடித்தால் உறிஞ்சித் துப்பும் பழக்கம் நம் டெல்டாவில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாம்புக்கடிக்கே உதவாத வேலை அது. இங்கேயோ கிருமி வாய்க்குள் இருக்கும் மென்தோல் வழியாகவும் ஏறலாம். பிதுக்கவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தந்தத் தொற்று உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்ஐவி தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் 3. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி, நூற்றில் 3-க்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு, அதே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நூற்றில் 30 வரை போகும். ரத்தம் எடுக்கும் ஊசிக்குள் துளை இருப்பதால் அதில் ரத்தம் தங்கிவிடும். தையல் ஊசியைவிட அது ஆபத்து.

எச்ஐவியிடம் எனக்குப் பிடித்த ஒரு பலவீனம் உண்டு. உள்ளே நுழைந்த உடனே அது உடம்பைப் பிடித்துவிடுவதில்லை. அதன் மரபுச் செய்தி ஆர்என்ஏவில் இருக்கிறது. அதை டிஎன்ஏவாகப் படியெடுத்து நம் செல்லின் டிஎன்ஏவோடு ஒட்டினால்தான் அதற்குப் பிழைப்பு. படியெடுக்கும் நொதி, செல்லுக்குள் மிதக்கும் டிஎன்ஏ எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும். மருத்துவமனையில் தரும் தடுப்பு மாத்திரைகளான டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அங்கே போலி எழுத்துகளைக் கலந்துவிடுகின்றன. முன்பக்கம் அச்சு அசலாக நல்ல எழுத்து. பின்பக்கம் கொக்கி இல்லாத ரயில் பெட்டி. நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால் அடுத்த பெட்டியை மாட்ட இடமில்லை, வண்டி அங்கேயே நின்றுவிடும். தப்பித்து முழுசாகப் படியெடுக்கப்பட்டதை நம் டிஎன்ஏவில் ஒட்டவிடாமல் டோலுடெக்ராவிர் என்ற மூன்றாவது மருந்து மறிக்கும். ஒட்டிவிட்டால் பிரிக்க மருந்தில்லை. அதனால்தான் இந்த அவசரம். முதல் 2 மணி நேரத்தில் மாத்திரையைத் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். யார் ரத்தம் என்று தெரியாத ஊசியாக இருந்தால், மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குப்பைப் பை ஊசியில் எனக்கு அதிகம் பயம் ஹெபடைடிஸ் பி மேல்தான். காய்ந்த ரத்தத்திலும் அது 7 நாள் வரை உயிரோடு இருக்கும். இத்தனைக்கும் மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. டாக்டரும் நர்சும் போட்டுக்கொள்கிறார்கள். பையைத் தூக்குகிற ஒப்பந்தப் பணியாளரை யாரும் கூப்பிடுவதில்லை. ஊசியைப் போட, குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பா இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும் கிளினிக்குகள் வாசலில் கண்திருஷ்டிக்குப் பூசணிக்காய் மட்டும் மறக்காமல் கட்டுகின்றன!

நீங்கள் தடுப்பூசி போடாதவர் என்றால், மருத்துவமனையில் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் தயார் புரதம்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நல்லது. தடுப்பூசியின் முதல் தவணையையும் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.