வழித்தடம் வீட்டுக்கு வந்துசேர: பயண டிராக்கரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரியாது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தையும் தன் பாதை விவரத்தையும் அது ஓயாமல் ஒலிபரப்புகிறது. உங்கள் கருவியிலிருந்து எதையும் அது கேட்பதில்லை. உங்கள் கையில் உள்ள கருவிதான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதோடு ஜிபிஎஸ்ஸின் வேலை முடிந்தது. அந்த விடை மதுரையில் இருக்கும் அம்மாவின் ஃபோன் திரைக்கு வருவது முற்றிலும் வேறு வேலை. அதற்கு வேறு ரேடியோ, வேறு வலையமைப்பு, வேறு கட்டணம்.

டிராக்கர் வாங்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். இடத்தைக் கணக்கிடும் முதல் பாதி இன்று மலிவான கருவியிலும் நன்றாகவே வேலை செய்கிறது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்தியது. அதிலிருந்து திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியம் எல்லாருக்கும் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியில் ‘2.5 மீட்டர் துல்லியம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புள்ளி பத்து மீட்டர் தள்ளித் தெரிந்தால் வீட்டில் யாரும் பதறப்போவதில்லை. மூன்று மணி நேரமாக நகராமல் நின்றால்தான் பதறுவார்கள். ஆகவே விசாரிக்க வேண்டியது இரண்டு விஷயம். விடை எந்த வழியாக வெளியேறுகிறது? அந்த வழி அடைபட்டால் கருவி என்ன செய்கிறது?

முதல் பாதியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் கருவியை வைக்கும் இடம். ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது பின்னணி இரைச்சலைவிடவும் பலவீனமாக இருக்கிறது. பைக்கின் அலுமினியப் பெட்டிக்குள் போட்டால் கிட்டத்தட்ட எதுவும் உள்ளே வராது. உடம்பில் உள்ள நீரும் இந்த அலைகளை உறிஞ்சும் என்பதால் இடுப்புப் பையில் முதுகை ஒட்டி வைத்தாலும் பாதி வானம் மறைந்துபோகும். முதுகுப்பையின் மேல் பாக்கெட்டோ தோள்பட்டியோதான் சரியான இடம். சிறிய டிராக்கர்களில் இருப்பது சதுர வடிவப் பீங்கான் ஆன்டெனா. அது வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, முதல் முறை இடம் பிடிக்கும் நேரம். கோள்கள் தம் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் அனுப்புகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 30 நொடி ஆகும். நடுவில் பாலமோ மரக்கூட்டமோ மறைத்துச் சிக்னல் விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த விவரம் சில மணி நேரத்தில் பழையதாகிவிடும் என்பதால், விமானத்தில் வந்து இறங்கியபின் கருவியை ஆன் செய்து, திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடும் வண்டியில் ஆன் செய்தால் அரை மணி நேரம்கூட இடம் கிடைக்காமல் போகலாம்.

இனி வெளியேறும் வழி. ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு, கையில் இருக்கும் ஃபோனே போதும். வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடம் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்ற மூன்று அளவில்தான் ஓடும். நாள் முழுக்க வேண்டுமென்றால் இடையில் புதுப்பிக்க வேண்டும், அல்லது கூகுள் மேப்ஸில் நீங்களே நிறுத்தும்வரை பகிரும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் இது பாதியில் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் பேட்டரிச் சிக்கனம். திரை அணைந்ததும் ஃபோன் அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடுகிறது. அமைப்புகளில் இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்றும், பேட்டரிப் பயன்பாட்டை ‘கட்டுப்பாடில்லை’ என்றும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஆபத்து நேரத்தில் பேசவும் அதே பேட்டரிதான் வேண்டும். ஓரிரு நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தனிக் கருவி வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகளை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். 2021-இல் வந்த ஏர்டேக்கில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. சுற்றியுள்ள ஐஃபோன்கள் அதன் புளூடூத் ஒலிபரப்பைக் கேட்டு, தங்கள் சொந்த இருப்பிடத்தைப் பூட்டி ஆப்பிளுக்கு அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி உரிமையாளரிடம் மட்டும் இருக்கிறது. மிக அழகான ஏற்பாடு, ஒரு சிஆர்2032 பட்டன் செல்லில் ஓராண்டு ஓடுகிறது. ஆனால் யாரும் இல்லாத மலைப்பாதையில் அது ஊமை. தொலைந்த பெட்டியைத் தேட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆளின் பயணத்தைத் தொடர அது செய்யப்படவில்லை.

நம் ஊர்ப் பயணிகளில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது சிம் போட்ட டிராக்கர். மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பலர் போகும் வழி இது. ஜிஸ்பாவைத் தாண்டினால் பாரலாச்சா, சர்ச்சு, பாங் என்று நீண்ட தொலைவுக்குச் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், பல இடங்களில் இருக்கவே இருக்காது. ஜிபிஎஸ் மட்டும் தங்குதடையின்றி வேலை செய்யும். அதாவது கருவிக்குத் தன் இடம் தெரியும், சொல்லத்தான் வழியில்லை.

நல்ல டிராக்கர் அப்போது ஒவ்வொரு புள்ளியையும் அதன் நேரத்தோடு தன் நினைவகத்தில் எழுதிவைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். மட்டமான டிராக்கர் அனுப்ப முடியாத புள்ளியைத் தூக்கி எறிந்துவிடும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஜிஸ்பாவிலிருந்து நேராக, லேவுக்கு அருகிலுள்ள உப்ஷிக்கு மலைகளைத் துளைத்துக்கொண்டு ஒரு நேர்கோடு தெரியும். விளம்பரத்தில் நினைவகம் உண்டு என்று எழுதியிருந்தாலும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். எஸ்எம்எஸ் கட்டளையால் டிராக்கரின் ஏபிஎன் பெயரை (டேட்டா எந்த வாயில் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) தவறாக மாற்றி வையுங்கள். ஜிபிஎஸ் ஓடும், டேட்டா போகாது. அப்படியே ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றிவந்து, சரியான ஏபிஎன்னைத் திரும்பக் கொடுங்கள். விட்டுப்போன பாதை, உண்மையில் கடந்த நேரத்தோடு வரைபடத்தில் நிரம்பினால் வாங்கலாம். எல்லாப் புள்ளிகளும் இப்போதைய நேரத்தைக் காட்டினால் அந்த டிராக்கரின் சர்வர், புள்ளி எடுத்த நேரத்தை விட்டுவிட்டு அது தன்னிடம் வந்துசேர்ந்த நேரத்தைப் பதிகிறது, வேறு பாருங்கள்.

சிம் விஷயத்தில் நான்கைந்து சங்கதிகள் பயணத்தையே கெடுக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி டிராக்கரில் ஜியோ சிம்மைப் போட்டால் கருவி கெட்டுப்போனதுபோல் கிடக்கும். 4ஜி கருவியையே வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கட்டாயம்: சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டது, ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியையும் மூடத் தொடங்கின. மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். சிம்மை முதலில் ஒரு ஃபோனில் போட்டு அதன் PIN எண் பூட்டை எடுத்துவிடுங்கள்; டிராக்கரில் அந்த எண்ணைத் தட்ட விசை இல்லை. இருப்பிடச் செய்தி ஒன்று சில நூறு பைட்தான், மாதத்துக்குச் சில எம்பி போதும். டேட்டா தீர்ந்து நின்றுபோவது அரிது. 28 நாள் ரீசார்ஜ் காலாவதியாகி நின்றுபோவது சகஜம்.

அடுத்தது பேட்டரி. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு: தூக்கத்திலிருந்து எழுந்து ஜிபிஎஸ் இடம் பிடிக்க 30 மில்லிஆம்பியரில் 5 நொடி, டவரோடு இணைந்து அனுப்ப 120 மில்லிஆம்பியரில் 15 நொடி. மொத்தம் ஏறக்குறைய 0.54 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி). இதில் ஜிபிஎஸ்ஸின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டரியைத் தின்பது பேசும் ரேடியோ. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 144 முறை, 78 எம்ஏஎச். தூக்கத்தில் 1 மில்லிஆம்பியர் வீதம் இன்னொரு 24. ஆக நாளொன்றுக்கு 100-ஐ ஒட்டி. 1000 எம்ஏஎச் பேட்டரியில் நம்பிப் பயன்படுத்தக்கூடியது 800 என்று வைத்தால் எட்டு நாள் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் அதே கருவி ஒரே நாளில் படுத்துவிடும். வீட்டாருக்கு நிமிடக் கணக்கு தேவையே இல்லை. பைக்குக்கு 10 நிமிடம், நடைப்பயணத்துக்கு 20 அல்லது 30 நிமிடம் தாராளம். அசைவு உணரி இருந்தால் இரவில் கருவி தானாக உறங்கிக்கொள்ளும்.

டவர் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். டவரைத் தேடித் தேடி, முழு ஆற்றலில் கத்திக் கத்தியே ரேடியோ பேட்டரியைக் காலிசெய்யும். தோல்வியடைந்தால் தேடும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளும் கருவி நல்லது. குளிரும் சேர்ந்துகொள்ளும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயன் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும், அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும். இரவில் தூக்கப்பைக்குள் வைத்து, காலையில் சூடு ஏறியபின் சார்ஜ் போடுங்கள்.

டவரே இல்லாத நிலத்துக்கு முழுத் தீர்வு செயற்கைக்கோள் டிராக்கர். கார்மின் இன்ரீச் வகைக் கருவிகள் இரிடியம் வலையமைப்பில் ஓடுகின்றன. 780 கி.மீ. உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றும் 66 கோள்கள், தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றித் தரைநிலையத்தில் இறக்குகின்றன. அதனால் கடல் நடுவிலும் கிடைக்கும். ஸ்பாட் கருவிகள் குளோபல்ஸ்டாரை நம்பியவை. அந்தக் கோள்கள் வந்த சிக்னலை அப்படியே கீழே திருப்பிவிடும் வகை. கோள் ஒரே நேரத்தில் உங்களையும் ஒரு தரைநிலையத்தையும் பார்த்தாக வேண்டும். மூன்றாம் தலைமுறை ஸ்பாட் ஒருவழிக் கருவி. போய்ச்சேர்ந்ததா என்பது அதற்கே தெரியாது என்பதால் நலச் செய்தியை 20 நிமிடத்துக்குள் மூன்று முறை அனுப்பிப் பார்க்கும். இரண்டில் ஒன்று என்றால் இன்ரீச்தான் என் பரிந்துரை: பதில் வரும், சென்றதற்கு உறுதி வரும். 100 கிராம் எடையுள்ள மினி 2, திறந்த வானத்தின் கீழ் 10 நிமிட இடைவெளியில் 14 நாள் வரை ஓடும் என்கிறது நிறுவனம். அடர்ந்த காட்டில் மறுமுயற்சிகள் கூடுவதால் நாள்கள் வெகுவாகக் குறையும். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு உள்நிலங்களுக்குப் போகும் தமிழர்கள் தயங்காமல் வாங்கலாம்.

இந்தியாவுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை வைத்திருப்பது இங்கே குற்றம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழும் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கோவாவிலும் டெல்லியிலும் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். நேபாள மலையேற்றத்துக்காக வாங்கியது, இந்திய விமான நிலையம் வழியாகத்தான் போகிறோம் என்றாலும் சிக்கல் இதேதான். ஆகவே லடாக்குக்குப் போகும் பைக்காரருக்கு மிஞ்சுவது நினைவகமுள்ள 4ஜி டிராக்கர், போஸ்ட்பெய்ட் சிம், இவற்றோடு வீட்டாருடன் ஒரு தெளிவான பேச்சு.

அந்தப் பேச்சை விளக்கும் முன் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். பல மலிவு டிராக்கர்கள் 123456 என்ற கடவுச்சொல்லோடு வருகின்றன. 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிஸா, மைகோடஸ் எம்வி720 என்ற வாகன டிராக்கரைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. அதன் மென்பொருளிலேயே பொதுவான கடவுச்சொல் பதிந்திருந்தது. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். தெரிந்தவர் உதவினால் டிராக்கார் (Traccar) என்ற திறந்தமூல மென்பொருளைச் சொந்தச் சர்வரில் நிறுவி, கருவியை அதற்குத் திருப்பிவிடுவது இன்னும் நல்லது. பகிரும் லிங்க்கைக் குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள், ஊரறியப் போடாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியவை சில. புள்ளி எங்கே இருக்கிறது என்பதற்கு முன், அது எந்த நேரத்துப் புள்ளி என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரம் ஐந்தரை மணி நேரம் பிந்தித் தெரிந்தால் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அமைப்பில் மாற்றிவிடலாம். ஜிபிஎஸ் கிடைக்காதபோது சில கருவிகள் டவரின் இடத்தை அனுப்பும். புள்ளி திடீரென்று சில கிலோமீட்டர் தாவி ஆற்றுக்குள்ளோ பள்ளத்தாக்கிலோ நிற்கும். அந்த வசதியை அணைத்துவையுங்கள், முடியாவிட்டால் அதன் குறி எப்படி இருக்கும் என்று காட்டிக்கொடுங்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் சிக்னல் இருக்காது, எத்தனை மணிக்குள் அடுத்த ஊரிலிருந்து புள்ளி வர வேண்டும், அதற்குமேல் எத்தனை மணி நேரம் பொறுக்கலாம் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கெடு தாண்டினால் முதலில் அன்று தங்கவிருந்த விடுதிக்கு அழைக்க வேண்டும், பிறகு அந்த மாவட்டக் காவல்துறைக்கு.

அப்போது இடத்தைச் சொல்லும் முறையும் முக்கியம். 34.1526 என்பது தசம டிகிரி. அதைக் கேட்பவர் 34 டிகிரி 15.26 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் இடம் 11 கி.மீ. வடக்கே தள்ளிப்போகும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘தசம டிகிரி’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும்.