கீசர்: குளியலறைக்கு வந்து சேர்ந்த ஐஸ்லாந்துச் சொல்

கீசர் என்றால் நமக்குக் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்ப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தைப் பற்றி எழுத வருகிறவருக்கு இந்தச் சொல் வேறு பொருளில் எதிரே வந்து நிற்கிறது. பெரும்பாலும் 'வெந்நீர் ஊற்று' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இது சரியில்லை. வெந்நீர் ஊற்றும் கீசரும் ஒன்றல்ல.

முதலில் சொல்லின் பிறப்பு. ஐஸ்லாந்தின் தென்மேற்கே ஹௌகாடாலுர் என்ற பள்ளத்தாக்கில் சூடான நீரை வானத்தை நோக்கி எறிந்துவந்த ஊற்று ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கெய்சிர். 'கெய்சா' என்ற வினைச்சொல்லுக்கு அங்கே பீறிட்டுப் பாய்வது என்று பொருள். ஓர் ஊற்றுக்கு மட்டும் உரிய இந்தப் பெயரை 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டு, அந்த வகை ஊற்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டது. ஐஸ்லாந்துக்காரர்கள் பொதுப்பெயராகச் சொல்வது 'கோஸ்க்வெர்'. 'கோஸ்' என்றால் பீறிடல், 'க்வெர்' என்றால் கொதிநீர் ஊற்று. இரண்டு எளிய சொற்களைச் சேர்த்து வேலையை முடித்திருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

குளியலறைக்கு இந்தச் சொல் வந்த கதை தனி. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் தண்ணீரை உடனே சுடவைக்கும் கருவி ஒன்றை உருவாக்கி, அதற்கு 'கீசர்' என்று பெயரிட்டார். அந்த வழக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு இந்தப் பெயர் இல்லை. உச்சரிப்பும் வேறு, அவர்கள் 'கைசர்' என்பார்கள்.

இப்போது வயோமிங். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 5,76,851 பேர். ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது அதுதான். தலைநகர் ஷையென் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. நேர் எதிரே வடமேற்கு மூலையில் 1872இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அதன் ஓரங்கள் மட்டும் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் கிடக்கின்றன. உலகில் உள்ள கீசர்களில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 500, இந்த ஒரு பூங்காவுக்குள் இருக்கின்றன.

அங்கே கீசர் எப்படிப் பீறிடுகிறது என்று பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும். பூமிக்கடியில் சூடான பாறைகளிடையே நீர் இறங்குகிறது. மேலே நிற்கும் நீரின் எடை அழுத்துவதால், ஆழத்தில் உள்ள நீர் வழக்கமான கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியும் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. மேலே வரும் பாதையில் ஓர் இடம் குறுகலாக இருக்கும். அங்கே ஆவி திரண்டு கொஞ்சம் நீரை வெளியே தள்ளியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அவ்வளவுதான், கீழே அடங்கிக் கிடந்த நீர் ஒரேயடியாக ஆவியாகி, மேலுள்ளதை எல்லாம் தூக்கி எறிகிறது. பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிக்கா, பாத்திரத்தில் உப்புப் படிவதைப் போல இந்தப் பாதையின் உட்சுவரில் படிந்து, அழுத்தம் கசியாமல் காக்கிறது.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற புகழ்பெற்ற கீசர் இப்படிச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 30 முதல் 55 மீட்டர் உயரம் வரை எழுகிறது. தவணை தவறாமல் எழுவதைக் கண்டு 1870இல் அங்கே சென்ற ஆய்வுக்குழு வைத்த பெயர் அது. அதே பூங்காவின் ஸ்டீம்போட் 90 மீட்டருக்கும் மேலே போகும், ஆனால் அது எப்போது எழும் என்று சொல்ல முடியாது.

வெந்நீர் ஊற்றில் இந்தக் குறுகல் கிடையாது. நீர் தடையின்றி மேலே வந்து, ஆறி, வழிகிறது. அதே யெல்லோஸ்டோனில் பல நிறங்களில் விரிந்து கிடக்கும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் அப்படிப்பட்டது. வயோமிங்கின் தெர்மோபோலிஸ் ஊரில் மக்கள் இறங்கிக் குளிப்பதும் வெந்நீர் ஊற்று நீரில்தான். திருகோணமலையின் கன்னியாவில் ஏழு கிணறுகளில் ஊறும் நீரை நாம் வெந்நீரூற்று என்பது மிகப் பொருத்தம். ஊறுவதுதானே ஊற்று.

சரி, கீசருக்கு என்ன சொல்வது? ஊறுவதோடு நில்லாமல் பீச்சி அடிப்பதால் 'வெந்நீர்ப் பீச்சூற்று' என்பதே என் தேர்வு. பீச்சாங்குழல் பிடித்து விளையாடிய எவருக்கும் விளக்கம் வேண்டாம். ஐஸ்லாந்தின் 'கோஸ்க்வெர்' என்ற சொல்லும் இதே கட்டமைப்புதான். 'கொதிநீர் ஊற்று' என்றும் சிலர் எழுதுவார்கள், ஆனால் கொதித்தபடியே குளமாகக் கிடக்கும் ஊற்றுக்கும் அது பொருந்திவிடும் என்பதால் எனக்கு அதில் நிறைவில்லை. குளியலறைக் கருவிக்கு 'நீர்ச்சூடேற்றி' போதும். பேச்சில் கீசர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், எழுத்துப்பிழை ஒன்று. வெம்மை, நீர் இரண்டும் சேர்ந்தால் வெந்நீர். 'வென்னீர்' என்று எழுத வேண்டாம்.