ஐசோடோப்பு என்றால் கதிரியக்கத் தனிமம் இல்லை

"எரிமலைப் பாறையில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் பூமியின் ஆழத்தைக் காட்டுகின்றன." ஹவாய் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில் நேற்றும் இதைக் கேட்டேன். ஐசோடோப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தப்பு.

சொல் பிறந்தது 1913-இல். வேதியியலாளர் பிரெடெரிக் சாடிக்கு மருத்துவர் மார்கரெட் டாட் எடுத்துக் கொடுத்த பெயர். கிரேக்கத்தில் ஐசோஸ் சமம், டோபோஸ் இடம். நிறை வேறானாலும் தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும் அணுக்கள், அவ்வளவுதான்.

இப்போது பாறைக்கு வருவோம். ஹவாய் அருகே கடலடியில் இருக்கும் லோயிஹி எரிமலையின் பாறையில் ஆலிவைன் என்ற பச்சைக் கனிமத்தின் மணிகள் உண்டு. அவற்றை வெற்றிடத்தில் நொறுக்கினால் உள்ளே அடைபட்ட ஹீலியம் வெளியே வரும். அதில் ஹீலியம்-3, ஹீலியம்-4 என்று இரண்டு ஐசோடோப்புகள். யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய ஹீலியம்-4 சேர்ந்துகொண்டே போகிறது. ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது. ஹீலியம்-4-க்கு ஹீலியம்-3 எவ்வளவு என்று விகிதம் பார்த்தால், நடுக்கடல் மலைத்தொடர்ப் பாறைகளில் காற்றில் உள்ளதைப் போலச் சுமார் 8 மடங்கு, லோயிஹியின் சில பாறைகளில் 30 மடங்குக்கும் மேல். பழைய வாயுவை இன்னும் முழுதாக இழக்காத பகுதி ஆழத்தில் இருக்கிறது என்று இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்த இரண்டு ஹீலியமும் நிலையானவை, கதிரியக்கம் துளியும் கிடையாது. 'கதிரியக்கத் தனிமம்' என்று சொன்ன அந்த நொடியே கேட்பவருக்கு மொத்தக் கணக்கும் தொலைந்துவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் 'சமதானி' என்று இருக்கிறது. சமம், தானம் என்று கிரேக்கத்தை அப்படியே பிரித்து வைத்த சொல். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தானம் என்றதும் நம் காதில் விழுவது அன்னதானம், ரத்ததானம். ஸ்தானம் என்று பிரித்துச் சொன்னால்தான் இடம் வரும், அதுவும் வடமொழி வழியாக. போதாததற்கு ஆட்டோவுக்கும் 'தானி' என்று பெயர் வைத்திருக்கிறோம். விளக்கம் கேட்காமல் ஒரு பிள்ளைக்குப் புரியாத சொல் எதற்கு?

'ஓரிடத்தான்' அப்படியில்லை. ஓர் இடத்தில் இருப்பவன். சொல்லும்போதே அட்டவணைக் கட்டம் கண்ணில் தெரிகிறது. ஆண்பால் விகுதி உறுத்துகிறது என்பவர்களுக்கு ஒன்று: காளானும் கரையானும் நம் மொழியில்தான் இருக்கின்றன. அதுவும் வாயில் வரவில்லையென்றால் ஐசோடோப்பு என்றே எழுதுங்கள், தமிழ்நாட்டுப் பாடநூலிலும் அதுதான் இருக்கிறது. பொருளை மாற்றிவிடாத கடன்சொல், பொருளைக் கெடுக்கும் 'தமிழாக்கத்தை' விட நூறு மடங்கு மேல்.

அதே காணொளியில் மேலோட்டுக்குக் கீழே 2,900 கி.மீ. ஆழம் வரை இறங்கும் மேன்டில் (mantle) அடுக்கைக் 'கவசம்' என்றார்கள். கவசம் என்றால் வெளியே போட்டுக்கொள்வது. பூமியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுதான். மூடகம் என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது, எடுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்?